சுவரில் செருகுவதில்லை

என் கணவர் முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் மேல் அவருக்கு மரியாதை கிடையாது. ஜனங்கள் அதை நம்பி ஏறுகிறார்கள், அது நடுவில் கழுத்தறுக்கிறது, பிறகு இவரைக் கூப்பிடுகிறார்கள். ஆயுள் முழுக்க இதையே பார்த்தவர். எங்கள் வீட்டில் கூடத்துக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, கழிவறைக்கென்று தனியாக ஒன்று, ஆக மூன்று பேட்டரிகள் இருக்கின்றன. மாப்பிள்ளை அவருக்கு வைத்திருக்கும் பெயர் இன்வெர்ட்டர் மாமா. நேரில் மாமா மட்டும்.

நான் பல் மருத்துவமனை ஒன்றில் இருபத்தெட்டு வருடம் வரவேற்பில் உட்கார்ந்தவள். போன் எடுப்பதும் போன் போடுவதும்தான் வேலை. மருத்துவர் வரச் சொன்னவருக்கு மூன்று தடவை அடித்துப் பார்ப்போம். எடுக்காவிட்டால் பெயரை அடித்துவிட்டு வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடுவோம். எடுக்காதவருக்கு வலி எவ்வளவு என்று யோசித்துக்கொண்டிருக்க மாட்டோம். கல்நெஞ்சம் இல்லை, வேலை அப்படி. எடுக்கப்படாத போன் என்ன செய்யும் என்பதை என்னிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு இருவரும் சைக்கிளில் நெடுந்தூரம் போகத் தொடங்கினோம். எனக்கு சைக்கிள் புதிதில்லை, வேலைக்கே அதில்தான் போய் வந்தேன். அவருக்கு சைக்கிள் என்பது கரண்ட் தயாரிக்க ஒரு சாக்கு. இந்த முறை பதினொரு நாள் பயணம். எங்கள் நகரத்தில் கிளம்பி, ஒரு மலைத்தொடரைத் தாண்டி, கடற்கரையில் முடிப்பதாகத் திட்டம். கிளம்பும் முன்பே அவர் ஒரு விதி போட்டுவிட்டார். பதினொரு நாளும் விளக்கு, போன் எல்லாம் நாமே உண்டாக்கும் மின்சாரத்தில் ஓட வேண்டும். எந்த விடுதியிலும் எந்தக் கடையிலும் சுவரில் செருகுவதில்லை.

அவருடைய சைக்கிளின் முன்சக்கரத்தில் டைனமோ இருக்கிறது. டயரை உரசிக்கொண்டு உறுமும் பழைய குப்பி டைனமோ இல்லை, சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் வகை. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் போனுக்கு சார்ஜ் ஏறும் அளவுக்குக் கரண்ட் வரும். கீழே போனால் வராது. விளக்கைப் போட்டால் எல்லாக் கரண்டையும் விளக்கே சாப்பிட்டுவிடும், போனுக்கு மிஞ்சாது. கைப்பிடியில் கரண்டைப் போனுக்குத் தகுந்தபடி மாற்றித் தரும் ஒரு சிறிய டப்பா, அதிலிருந்து ஒரு சாண் ஒயர், அதன் முனையில் பவர் பேங்க். என் சைக்கிளின் பின்கேரியரில் சூரியத் தகடு. அது யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று நான் சொன்னேன். பொரியும் பொரிதான் என்றார்.

இரண்டு போனுக்குக் கரண்ட் பத்தாது என்று கணக்குப் போட்டு என்னுடையதை வீட்டிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். அவருடைய பழைய போன் மட்டும் வந்தது. தினமும் மாலையில் மகள் கூப்பிடுவாள். இவர் ஒரு நிமிடம் பேசுவார். பிறகு, "அம்மு, சார்ஜ் போகுது, வை" என்பார். அவளும் வைத்துவிடுவாள். முதல் எட்டு நாளும் இதே கதைதான்.

இனி அந்தப் போன் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். என் மகளுக்குக் கர்ப்பம் இரண்டு முறை தங்கவில்லை. அதற்குப் பிறகு அவளும் மாப்பிள்ளையும் தத்தெடுக்க விண்ணப்பித்தார்கள். மூன்று வருடம் காத்திருந்து, ஆறு வாரங்களுக்கு முன் ஒரு குழந்தையைக் காட்டினார்கள். எல்லா விசாரணையும் முடிந்து கடைசியாக ஒன்று மிச்சம். குழந்தையின் தாத்தா பாட்டி ஆகப்போகிற எங்கள் இருவரிடமும் தத்துக் கொடுக்கும் அலுவலகத்து அதிகாரி போனில் பேச வேண்டும். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் குழந்தை எங்களிடம்தான் வளரும் என்று எழுதியிருந்ததால் இது கட்டாயம். இரண்டு முறை தேதி தள்ளிப்போய், கடைசியில் எங்கள் பயணத்தின் ஒன்பதாம் நாளில் வந்து நின்றது. மாலை நாலிலிருந்து நாலரைக்குள். அன்று எங்களோடு பேச முடியாவிட்டால் மறுநாள் முடிவெடுக்கும் கூட்டத்தில் கோப்பு வைக்கப்படாது. வைக்கப்படாவிட்டால் குழந்தையை வரிசையில் அடுத்த தம்பதிக்குக் காட்டுவார்கள். அலுவலகத்தில் இதை மரியாதையாகவே சொல்லியிருந்தார்கள்.

பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்றேன். "போன்தானே? எங்க இருந்தாலும் அடிக்கும்" என்றார் இவர். விண்ணப்பத்தில் இருந்ததும் இவருடைய எண்தான்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த ஆறு வாரத்தில் அந்தக் குழந்தையைப் பற்றி இவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மகள் படம் அனுப்பினாள். திறந்து பார்க்கவில்லை. நான் பேச்செடுத்தால் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். "உங்களுக்கு இதில இஷ்டம்தானே?" என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். "அவங்க இஷ்டம்" என்றார். அது எனக்குப் பதிலாகப் படவில்லை.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் நல்ல மழை. சூரியத் தகடு சும்மா வந்தது. மூடுபனியில் பகலிலேயே விளக்குப் போட்டு ஓட்டியதால் டைனமோ கரண்டும் அதற்கே போயிற்று. பவர் பேங்கில் இருந்ததைப் போன் குடித்துத் தீர்த்தது. ஒன்பதாம் நாள் காலை மலையடிவாரத்துக் கடையில் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது பவர் பேங்க் காலி, போனில் முப்பத்துநாலு சதவீதம்.

கடைக்காரர் நல்ல மனிதர். மேஜைமேல் கிடந்த போனைப் பார்த்துவிட்டுச் சுவரைக் காட்டினார். "இங்க செருகிக்கோங்க சார். சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள ஏறிடும்."

"வேணாங்க. நாங்க சுவத்துல செருகறதில்ல" என்றார் இவர், ஏதோ விரதக்காரர் வெங்காயத்தை ஒதுக்குவது போல.

"இன்னிக்கு ஒரு நாள் செருகுங்க" என்றேன். "இன்னிக்கு என்ன நாள்னு தெரியும்ல?"

"தெரியும். வெயில் வந்துடுச்சு பாரு. உச்சிக்குப் போறதுக்குள்ள எண்பது ஆகிடும்."

"ஆகலன்னா?"

"ஆகும்மா."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளோடு முப்பத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு, எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று தெரியும். அன்று தவறான இடத்தில் மூடிவிட்டேன்.

கடைக்காரர் இன்னொரு தகவலும் சொன்னார். மழையில் மலைப்பாதை இரண்டு இடத்தில் அரித்துவிட்டதால் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நடந்து போகலாம், சைக்கிள் போகலாம். இவருக்குப் பரம சந்தோஷம். லாரிப் புகை இல்லாத மலை யாருக்குக் கிடைக்கும் என்றார்.

ஏற்றம் இருபத்தாறு கிலோமீட்டர். வழக்கமாக டைனமோவைப் பவர் பேங்கோடுதான் இணைப்பார். பவர் பேங்க் பொறுமைசாலி, கரண்ட் விட்டுவிட்டு வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். அன்று காலியான பவர் பேங்கை நிரப்பிக்கொண்டிருக்க நேரமில்லை என்று போனை நேராக டைனமோவில் மாட்டிவிட்டார். முப்பத்தாறு வருட அனுபவசாலி செய்த தவறு அது. தெரியாதவன் பயந்துகொண்டு மாட்டாமலாவது இருந்திருப்பான்.

ஏற்றத்தில் எங்கள் வேகம் ஏழு, எட்டு. கொஞ்சம் சமமான இடம் வந்தால் பதின்மூன்று. அங்கே கரண்ட் வந்து போன் 'டிங்' என்று விழித்துக்கொள்ளும். திரை முழு வெளிச்சத்தில் எரியும். அடுத்த வளைவில் ஏற்றம், வேகம் குறையும், கரண்ட் நிற்கும். போன் மறுபடியும் 'டிங்' என்று அதையும் அறிவிக்கும். மறுபடி திரை எரியும். அவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த நான் ஒவ்வொரு டிங்குக்கும் கொஞ்சம் ஏறுகிறது என்றே நம்பினேன். எழுபது வரை எண்ணினேன். உண்மையில் ஏறியதைவிடத் திரை எரிந்தே தீர்ந்தது அதிகம்.

பாதி வழியில் தண்ணீர் குடிக்க நின்றபோது பத்தொன்பது சதவீதம்.

"என்னங்க இது, குறைஞ்சிருக்கு?"

"சூடாயிருக்கு. ஆறினா சரியாக் காட்டும்."

"அணைச்சாவது வைங்களேன்."

"முன்னாடியே கூப்பிட்டுட்டா?"

வரவேற்பில் நானே பலரை முன்னாடியே கூப்பிட்டிருக்கிறேன்.

மூன்று இருபத்தைந்துக்கு உச்சிக்கு வந்தோம். வண்டிகளுக்குச் சீட்டுக் கிழிக்கும் கூண்டு ஒன்று பூட்டிக் கிடந்தது, பக்கத்தில் துருப்பிடித்த கம்பி வேலி, ஒரு செல்போன் கோபுரம், அதன் அடியில் இரும்புக் கதவு போட்ட சிறிய அறை. வேறு ஆள் இல்லை. அந்த அறைக்குள் மின்சாரம் 'உம்' என்று ஓடிக்கொண்டிருந்தது, கதவில் கை அகலத்துக்குப் பூட்டு. இவர் போனை உறையிலிருந்து எடுத்தார். திரை ஒரு தடவை எரிந்து, இரண்டு என்று காட்டி, அணைந்தது. பொத்தானை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். செத்துவிட்டது.

"தகட்டுல கொஞ்சம் இருக்கும்" என்று என் சைக்கிளுக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். சூரியத் தகட்டின் மேல் என் துண்டு, அவருடைய இரண்டு பனியன், நாலு காலுறை, எல்லாம் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மழையில் நனைந்த துணி, வெயில் வந்ததே என்று காலையில் நான்தான் விரித்துக் கட்டினேன். அகலமாக, வாகாக, சூரியனைப் பார்த்து இருந்த ஒரே இடம் அதுதான். கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான்கு மணி நேர வெயிலைக் காலுறை குடித்திருந்தது.

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். துணியை எடுத்தார். அதற்குள் மேகம் வந்திருந்தது.

"இறங்கினா பத்து நிமிஷத்துல உயிர் வந்துடும்" என்றார் பிறகு. "முப்பதுல போகும் வண்டி."

"இறங்கினா டவர் இருக்குமா?"

அவர் கோபுரத்தைப் பார்த்தார். அடுத்த ஊர் இருபத்திரண்டு கிலோமீட்டர். நடுவில் பள்ளத்தாக்கு முழுக்க சிக்னல் கிடையாது என்று வரைபடம் பார்த்து முன்தினம் அவரேதான் சொல்லியிருந்தார். மேலே சிக்னல் இருந்தது, கரண்ட் இல்லை. கீழே கரண்ட் இருந்தது, சிக்னல் இல்லை.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. "உண்மையைச் சொல்லுங்க. இந்தப் போன் வரக்கூடாதுன்னுதான் செருகலயா நீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். அறைந்தது போல இருந்தது அவர் முகம். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. சைக்கிளில் ஏறிவிட்டார்.

உச்சியில் சமமான இடம் கூண்டிலிருந்து வேலி வரை ஒரு நூறு அடிதான் இருந்தது. அதில் வேகமாக ஓட்டிப் பார்த்தார். வேகம் பிடிப்பதற்குள் வேலி வந்துவிடும். திரும்ப வேகம் குறையும். போன் டிங் என்று விழிக்கும், கம்பெனிப் படத்தைக் காட்டும், திரும்பும் இடத்தில் சாகும். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்களே, அதை அன்று சைக்கிளில் பார்த்தேன். எட்டு சுற்று சுற்றிவிட்டு மூச்சு வாங்க இறங்கினார். கடிகாரத்தில் மூன்று நாற்பத்திரண்டு.

இறங்கியவர் சைக்கிளைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். சீட்டும் கைப்பிடியும் தரையில், சக்கரங்கள் இரண்டும் மேலே. முன்சக்கரத்தை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அது சர்ரென்று சுற்றியது. மறுபடி தட்டினார். வேகம் காட்டும் கருவி பதினாறு என்றது.

"போனை மாட்டு" என்றார்.

மாட்டினேன். டிங்.

டைனமோ சக்கரத்தைச் சும்மா சுற்ற விடாது. கரண்ட் எடுக்கும்போது பிடித்து இழுக்கும். நொடிக்கு இரண்டு சுற்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் நாலைந்து நொடியில் வேகம் விழுந்துவிடும். அவர் முழங்காலிட்டுத் தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். உள்ளங்கை கறுத்தது. நான் மாற்றிவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மூன்று ஐம்பத்தெட்டுக்குப் போன் எழுந்தது. ஒரு சதவீதம். சிக்னல் நான்கு கோடும் இருந்தது, கோபுரத்துக்கு அடியிலேயே அல்லவா நிற்கிறோம்.

"நிறுத்தலாமா?" என்றேன்.

"பழைய பேட்டரி. இந்த ஒண்ணு ரெண்டெல்லாம் பேச்சுக்குத்தான். ஒயர்ல கரண்ட் நின்னா அடுத்த நிமிஷம் அணைஞ்சிடும்."

நாலு ஒன்பதுக்கு மணி அடித்தது.

டப்பா கைப்பிடியில், கைப்பிடி தரையில், ஒயர் ஒரு சாண். எனவே நான் மண்ணில் மண்டியிட்டு, தலையைத் தாழ்த்தி, சைக்கிளின் கைப்பிடிக்கு முத்தம் கொடுப்பவள் போல இருந்துகொண்டுதான் பேச வேண்டியிருந்தது. காதில் வைக்க ஒயர் எட்டவில்லை, ஸ்பீக்கரில் போட்டேன்.

அதிகாரி ஒரு பெண். குரல் இதமாகவும் அவசரம் இல்லாமலும் இருந்தது. அந்த மாதிரிக் குரலில்தான் நானும் பெயர்களை அடித்திருக்கிறேன். "உங்ககிட்டயும் சார்கிட்டயும் தனித்தனியாப் பேசணும்மா. அவர் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார் மேடம். அவர் எழுந்து போக முடியாது. சக்கரம் சுத்திட்டு இருக்கார்."

"என்ன சக்கரம்?"

சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன், போனில் சார்ஜ் இல்லை, இங்கே கரண்ட் இல்லை, மலை, சைக்கிள், டைனமோ. காலுறையை விட்டுவிட்டேன்.

"சரி. சுத்தச் சொல்லுங்க" என்றார்.

என் உடம்பைப் பற்றிக் கேட்டார். சர்க்கரை உண்டா, மூட்டுவலி உண்டா, இரவில் குழந்தை அழுதால் எழ முடியுமா? அக்கம்பக்கத்தில் யாராவது ஒரு மாதிரிக் கேட்டால் என்ன சொல்வேன் என்று கேட்டார். "நான் ஆஸ்பத்திரி வரவேற்புல இருந்தவ மேடம், ஒரு மாதிரிக் கேக்கறவங்கள உட்கார வச்சுத் தண்ணி குடுத்து அனுப்பத் தெரியும்" என்றேன். வீட்டில் சண்டை வந்தால் யார் முதலில் பேசுவார்கள் என்றார்.

"நான்தான். அவர் டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் பேசுவார்."

பின்னால் சக்கரம் ஒரு கணம் தடுமாறி மறுபடி சுற்றியது. அதிகாரி சிரித்த மாதிரி இருந்தது. "சார்கிட்ட குடுங்க" என்றார்.

கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை, இடம்தான் மாற வேண்டும். அதையும் சக்கரம் நிற்காமல் மாற வேண்டும். அவர் மூன்று எண்ணினார், நான் எதிர்ப்பக்கம் வந்து கை கொடுத்தேன், அவர் கையை எடுத்தார். லிஃப்டில் ஆள் இருக்கும்போதே கயிறு பார்ப்பவர்கள் இப்படித்தான் மாறிக்கொள்வார்களாம். நான் தட்டத் தொடங்கினேன். பத்தாவது தட்டிலேயே தோள்பட்டை எரிந்தது. அவர் இவ்வளவு நேரம் எப்படித் தட்டினார் என்று தெரியவில்லை.

அவர் மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்தினார். வழக்கமான கேள்விகள் முடிந்தன. பிறகு அந்தக் கேள்வி வந்தது. "இந்தக் குழந்தைய உங்க சொந்தப் பேரக்குழந்தையா ஏத்துக்க உங்களுக்கு மனசார சம்மதமா சார்?"

நான் ஐந்து தட்டு தட்டினேன். ஆறு, ஏழு.

"முதல்ல இல்ல மேடம்" என்றார்.

என் கை நின்றது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் நிற்கவில்லை. சக்கரத்தை விட்டுவிட்டால் கரண்ட் போகும், கரண்ட் போனால் போன் போகும், அவர் சொல்ல வந்த மிச்சம் யார் காதிலும் விழாது. கீழே போய் வேறு போனில் கூப்பிட்டு, சிக்னல் இல்லை மேடம், மன்னிச்சுக்கோங்க என்று என் பழைய குரலில் சொல்லிக்கொள்ளலாம். கேட்டால் கேட்டது, கேட்காவிட்டால் மகளிடம் மழையைக் காரணம் சொல்லலாம். உங்கப்பா வேண்டாம் என்று சொன்னார் என்பதை அவளிடம் சொல்வதைவிட அது மேல். இவ்வளவையும் நான் ஒரு சக்கரம் வேகம் குறையும் நேரத்துக்குள் நினைத்துவிட்டேன். முப்பத்தைந்து வருடத்தில் அவர் மேல் அவ்வளவு வெறுப்பு எனக்கு வந்ததில்லை.

போன் டிங் என்றது, கரண்ட் நின்றதற்கான டிங். அவர் தலையைத் திருப்பினார். போனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சுத்தும்மா" என்றார். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. "இன்னும் முடிக்கல நான்."

நான் தட்டினேன்.

"என் பொண்ணுக்கு ரெண்டு தடவ தங்கல மேடம்" என்றார் அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு தடவயும் வீட்ல நான்தான் ரொம்ப ஆடினேன். நாள் எண்ணினேன். பேர்கூட யோசிச்சு வச்சேன், இவகிட்டகூட சொல்லல. அப்புறம் அது ரெண்டும் போச்சு. அதனால இந்த தடவ எதுவும் தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்துட்டேன். படம் வந்துது, தொறக்கல. பேர் கேக்கல. பையனா பொண்ணான்னு கேக்கல. தெரிஞ்சா ஆசை வந்துடும். வந்தப்புறம் இல்லன்னு சொன்னா எனக்குத் தாங்காது."

"இப்ப?" என்றார் அதிகாரி.

"இப்ப சக்கரம் சுத்திட்டு இருக்கோம் மேடம். காலையில கீழ கடையில செருகியிருக்கலாம். வீம்பு. அப்படி ஒரு ஆளு நான், அதையும் எழுதிக்கோங்க. உச்சிக்கு வந்து போன் செத்தப்பதான் தெரிஞ்சுது, ஆசை ஏற்கெனவே வந்துடுச்சுன்னு." போனுக்கு இன்னும் நெருங்கிக் குனிந்தார். "இப்பக் கேக்கறேன். பையனா, பொண்ணா?"

"உங்களுக்கு இன்னும் தெரியாதா சார்?"

"தெரியாது மேடம்."

"பொண்ணு. புதன்கிழமை வந்தா பத்து மாசம். எதையாவது பிடிச்சுட்டு எழுந்து நிக்கறா."

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். முகமெல்லாம் மண். "பொண்ணாம்" என்றார் என்னிடம். "எழுந்து நிக்கறாளாம்."

எனக்கு ஆறு வாரமாகத் தெரியும். அவள் வலது புருவத்தில் ஒரு மச்சம் இருப்பதுகூடத் தெரியும்.

"அப்படியா?" என்றேன்.

போன் வைக்கப்பட்டது எனக்குத் தெரியவில்லை. அவர் வந்து என் மணிக்கட்டைப் பிடிக்கும்வரை நான் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். வேகம் காட்டும் கருவியில், நின்ற இடத்திலேயே பத்து கிலோமீட்டர் போயிருந்தோம். அந்தக் கணக்கை அவர் அழிக்கவில்லை, இன்னும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

பொழுது சாயும் முன் இறங்கிவிட்டோம். முப்பதில் போகும் என்று அவர் சொன்ன இறக்கத்தில் பதினைந்தில்தான் போனார். நானும் துரத்தவில்லை.

விடுதி அறையில் ஒரே ஒரு மின் இணைப்பு, அதுவும் கட்டிலுக்குப் பின்னால், தரையை ஒட்டி. நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது கட்டிலை இரண்டடி நகர்த்தியிருந்தார். பயணத்துக்கு நாங்கள் சார்ஜர் கொண்டு வரவில்லை. வரவேற்பில் போய்க் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். போனைச் சுவரில் செருகிவிட்டு, எங்களுடைய ஒரு சாண் ஒயரே அதற்கும் வாய்த்ததால், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். படத்தைத் திறந்து வைத்திருந்தார். விதி போட்டவரே விதியை உடைத்தால் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

மறுநாளும் நாங்கள் அந்த ஊரைவிட்டு நகரவில்லை. எனக்குத் தோள் தூக்க முடியவில்லை என்பது வெளியே சொன்ன காரணம். மாலை ஐந்து மணிக்கு மேல் மகள் கூப்பிட்டாள். கூட்டம் முடிந்திருந்தது. அவர் மறுபடி அதே சுவரோரம் உட்கார்ந்து எடுத்தார்.

"அப்பா, சரின்னுட்டாங்க" என்றாள். அழுதுகொண்டே சொன்னதால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் "ம்" என்றார். அவள் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். எட்டு நாள் பழக்கம். "சரிப்பா, உங்களுக்கு சார்ஜ் போகும். நான் வைக்கறேன்" என்றாள்.

"வைக்காத" என்றார் அவர். "சுவத்துல செருகியிருக்கேன். பேசு."